ஒரு தடவை சொன்னால் போதாதா?



"ரிட்டயர் ஆன வாத்தியார் கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதுறாரே" என்று சிலருக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் படியுங்கள். திண்ணையில் கரித்துண்டால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடிய ஊர்க்காரர்கள்தானே நாம்? மூன்று புலி, பதினைந்து ஆடு. எந்த ஆட்டை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்தே பொழுது போய்விடும். இன்று பேரன் பேத்திகள் கம்ப்யூட்டரில் ஆடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், சிவிலைசேஷன் எல்லாம் அந்த வகை யோசனை விளையாட்டுகள்தான். முன்னதில் 2022-இல் திராவிடர்களைச் சேர்த்து, ராஜேந்திர சோழன் கதையையும் வைத்தார்கள். 2025-இல் வந்த ஏழாவது சிவிலைசேஷனில் சோழர்களே ஒரு நாடாக வருகிறார்கள். ஆகவே நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று தள்ள வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன ஊரில் தொடங்கி, மரம் வெட்டி, பயிர் செய்து, ரோடு போட்டு, படை திரட்டிப் பெரிய ராஜ்யமாக வளர்க்க வேண்டும். வேலையாட்கள் நாம் சொன்னதைச் செய்வார்கள். சிக்கலும் அங்கேதான். ஆரம்பத்தில் மூன்று வேலையாள் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் வேலை சொல்வது சுவாரஸ்யம். அதுவே முப்பது பேர் ஆனால், "நீ அங்கே போ, நீ இதைச் செய்" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போகும். ஆடுபுலியில் ஒரு ஆட்டைத் தப்பாக வைத்தால் ஆட்டமே போய்விடும். இங்கே முப்பதாவது வேலையாள் எந்தக் காட்டைத் திருத்தினாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் நாம் சொன்னால்தான் நகருவான். யோசனை தேவைப்படாத இடத்தில் உழைப்பு மட்டும் கேட்டால் அதன் பெயர் விளையாட்டு இல்லை, இம்போசிஷன்.

ஒரு உதாரணம். இரண்டாவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 1999-இல் வந்தது. அதில் ஒரு வயல் கொஞ்ச காலம் விளைந்ததும் தரிசாகிவிடும். 60 மரம் செலவழித்து மறுபடி விதைக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் அந்த விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கோட்டையை எதிரி இடித்துக்கொண்டிருப்பான், நாம் வயல் வயலாக விதைக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். அடுத்த வருடமே, அதாவது 2000-இல், முன்கூட்டியே மரத்தைக் கட்டி வைத்தால் தானாக விதைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். 2019-இல் வந்த புதிய பதிப்பில்தான் ஒரே பொத்தானை அழுத்திவிட்டால் எல்லா வயலும் தானாக விதைபடும் என்று ஆனது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இருபது வருஷம்! நம் கரிசக்காட்டுச் சம்சாரிக்கு, மழை பெய்ததும் விதைக்க வேண்டும் என்று யாராவது போன் போட்டுச் சொல்ல வேண்டுமா?

இதற்கு எதிர்க்கட்சி உண்டு, அவர்கள் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்டில் ஒரு நேரத்தில் 12 பேரைத்தான் சேர்த்துக் கட்டளையிட முடியும். புதிதாக வரும் சுரங்க வேலையாள் ஒவ்வொருவனையும் நாமே வேலைக்கு அனுப்ப வேண்டும். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்தத் தொல்லைகளை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பலர் கொதித்தார்கள். "பத்து இடத்தில் பத்து வேலை நடக்கும்போது எதையும் மறக்காமல் இருப்பதுதான் திறமை. அதை மிஷினிடம் கொடுத்துவிட்டால் கெட்டிக்காரனுக்கும் மற்றவனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்கள்.

லேசாகத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. அட்டென்ஷன் என்பதும் ஒரு செல்வம்தான், அதை எங்கே செலவு செய்கிறோம் என்பதும் யுக்திதான். ஆனால் நடைமுறையில் அது விரல் வேகப் போட்டியாகிவிடுகிறது. தேர்ந்த ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு முந்நூறு கட்டளைகூடக் கொடுப்பார்கள். 2019-இல் வெளியிடப்பட்ட ஆட்டங்களில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு பெரிய வீரர்களைத் தோற்கடித்திருந்தது. உடனே எழுந்த கேள்வி என்ன தெரியுமா? "மூளையால் ஜெயித்ததா, மனுஷ விரலால் முடியாத வேகத்தால் ஜெயித்ததா?" என்பதுதான். அதன் பிறகு வேகத்துக்கு இன்னும் கட்டுப்பாடு போட்டுத்தான் மறுபடி களத்தில் இறக்கினார்கள். மிஷினுக்கே விரல் வேறு, யோசனை வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள், மனுஷனுக்கும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாமே. அறுபது தாண்டிய என் கைக்கும், மணிக்கட்டு வலி உள்ளவருக்கும், ஒரு கை சரியாக வராத பிள்ளைக்கும் யோசனை மட்டும் குறைவில்லை. விரல் வேகத்தைப் பரீட்சையாக வைத்தால் இவர்கள் எல்லோரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மிஷினிடம் விடச் சொல்லவில்லை. 2005-இல் வந்த நான்காவது சிவிலைசேஷனில் வேலையாட்களைத் தானாக வேலை பார்க்க விடலாம். விட்டால், நாம் பின்னால் உபயோகிக்கலாம் என்று பாதுகாத்த காட்டை வெட்டிவிடுவான். நாம் பார்த்துப் பார்த்துக் கட்டியதை இடித்துவிட்டு வேறு ஒன்றைக் கட்டுவான். அதனால்தான் "காட்டைத் தொடாதே", "ஏற்கெனவே கட்டியதை மாற்றாதே" என்று இரண்டு நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்லி வைக்க அதில் இடம் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கட்டளை ஒரு தடவை, எல்லையும் ஒரு தடவை. அதன் பிறகு அவன் பாடு.

இதை வெளிநாட்டுக்காரன்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? மடையைத் திறப்பதும், வாய்க்காலைப் பார்ப்பதும், வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவதும் அவர் பொறுப்பு. கூலி அறுவடையில் நெல்லாக வரும். ஒவ்வொரு சம்சாரியும் மண்வெட்டியோடு ராத்திரியெல்லாம் வரப்பில் நிற்க வேண்டாம். அவரவர் இஷ்டத்துக்கு வாய்க்காலை வெட்டவும் கூடாது. தண்ணீர் குறைந்தால் எப்படிப் பங்கிடுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும், நிறைவேற்றுவது அவர். கரை உடையும் நிலை வந்தால் ஊரைக் கூப்பிடுவார். முடிவு ஊருடையது, அன்றாட வேலை அவருடையது, ஆபத்து என்றால் உடனே தகவல். ஒரு நல்ல தானியங்கி வேலையாளுக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டுச் செய்கிறவர்கள் வேறு வழியும் பிடித்தார்கள். 2016-இல் வந்த ஆறாவது சிவிலைசேஷனில் தானாக வேலை பார்க்கும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, ஒரு வேலையாள் மூன்று வேலை செய்ததும் மறைந்துவிடுவான் என்று வைத்தார்கள். ரோடு, வணிகர்கள் நடக்கிற வழியில் தானே விழும். ஏழாவதில் வேலையாளே கிடையாது. ஊர் வளரும்போது எந்த நிலத்தைத் திருத்துவது என்று மட்டும் நாம் சொன்னால் போதும். படைகளையும் ஒரு தளபதியிடம் சேர்த்துவிட்டால் ஒன்றாக நகரும். அலுப்பான வேலையை வேகமாகச் செய்ய வழி தேடுவதைவிட, அந்த வேலை அவசியம்தானா என்று கேட்டது நல்ல யோசனை. ஆனாலும் நானே விரும்பி ஒரு மூலையில் ஒரு வயலைப் பார்த்துக்கொள்ளும் சுகம் அதில் போய்விட்டது. வேண்டியவன் கையால் செய்யட்டும், வேண்டாதவன் ஒப்படைக்கட்டும் என்பதே என் கட்சி.

வகுப்பில் உங்களை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேனே, எதற்கு? ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தானாக நாக்கில் வந்துவிட்டால், மனசு கணக்கின் வழியை யோசிக்கலாம் என்பதற்குத்தான். அதுவும் ஒரு தானியங்கி ஏற்பாடுதான். ஆனால் முதலில் ஏழு எட்டைக் கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகே மனப்பாடம். அதே முறையைத்தான் இங்கேயும் சொல்வேன். முதலில் கையால் செய்து வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த வேலையை எல்லை சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு, அழிக்கிற காரியம் எதுவானாலும் நம்மைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

உங்களில் பலர் சாப்ட்வேரில் இருக்கிறீர்கள். விளையாட்டோ, ஆபீஸ் புரோகிராமோ, எதைச் செய்தாலும் உபயோகிக்கிறவரை ஒரே பொத்தானை நூறு தடவை அழுத்த வைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் அவர் காட்டையும் வெட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் கேம் ஆடினால் உடனே திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து "இதில் எது யோசனை, எது வெறும் வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதலாம், இப்போது என் கையில் பிரம்பு இல்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
பந்தல்குடி.