ஆயிரத்தை ஒன்றாக்கும் கணக்கு

பதுளை டவுனில் கைக்குக் கை மாறும் சி மொழி நோட்டுகளைப் புரட்டினால் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: "ஆர்க்வியில் வருவதை ஏடுஐயிடம் கொடு, எண் கிடைக்கும்." அதோட பாடம் முடிஞ்சது. இது பாடமே இல்லை, அரைகுறை வேலை என்கிறோம் நாங்கள்.

விஷயத்தைத் தோட்டத்துக் கணக்கிலேயே பார்ப்போம். வேலை செய்த நாட்களையும் நாள் சம்பளத்தையும் கொடுத்தால் பெருக்கிச் சொல்லும் ஒரு சின்னப் புரோகிராம். பெயர் 'சம்பளம்'. கட்டளை வரியில் 'சம்பளம் 18 1000' என்று அடிக்கிறோம். மெயினுக்கு இரண்டு விஷயம் போகிறது. ஆர்க்சி என்பது வந்த சொற்களின் எண்ணிக்கை. புரோகிராமின் பெயரும் சேர்ந்து இங்கே 3. ஆர்க்வி என்பது அந்தச் சொற்களின் வரிசை. பூச்சியமாவது இடத்தில் பெயர், ஒன்றில் 18, இரண்டில் 1000. எல்லாமே எழுத்தாகத்தான் வரும், எண்ணாக இல்லை. ஏடுஐ அவற்றை எண்ணாக்குகிறது. விடை 18000. சரிதான்.

இப்போ கடைக்காரர் எழுதுற மாதிரி 1,000 என்று அடிங்க. ஏடுஐ காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். கையில் இருப்பது 1. பதினெட்டு நாள் உழைப்புக்கு 18 ரூபா! பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, 2021 மார்ச்சில்தான் அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று அந்த ஆயிரம் வர்த்தமானியில் வந்தது. அதை ஒரு காற்புள்ளி விழுங்கிடுது.

18.5 என்று அடிச்சா? 18 மட்டும்தான் எடுக்கும். அரைப்பேர் காணாமல் போச்சு. ஐந்நூறு ரூபா. 'பதினெட்டு' என்று எழுத்தில் கொடுத்தால் பூச்சியம். எங்கேயும் ஒரு பிழைச் செய்தி வராது. கேட்காமல் பூச்சியம் போடுகிற கணக்குப்பிள்ளைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சம்பளத்தையே எழுத மறந்தால் ஆர்க்வி இரண்டில் ஒன்றுமே இருக்காது. அதை ஏடுஐயிடம் கொடுத்தால் பெரும்பாலும் புரோகிராம் அப்படியே விழும். விழுந்தால்கூடப் பரவாயில்லை, தெரிஞ்சுடும். சத்தமில்லாமல் தப்பான விடை சொல்வதுதான் ஆபத்து.

"ஆரம்பப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு, குழம்பிடுவாங்க" என்பார்கள். 1978-ல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகத்திலேயே கட்டளை வரி உள்ளீட்டுக்குத் தனிப் பகுதி உண்டு. செக்ரோலில் பேர் விழுந்திருக்கா என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சரிபார்க்கிறது எங்களுக்குக் குழப்பமா?

செய்ய வேண்டியதும் பெரிய வேலையில்லை. முதலில் ஆர்க்சி 3 தானா என்று பார்க்கணும். இல்லையென்றால் எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழிலேயே ஒரு வரி சொல்லி, பூச்சியமல்லாத எண்ணைத் திருப்பி வெளியேறணும். ஏடுஐயை விட்டுவிட்டு ஸ்ட்ர்டோட் எடுக்கணும். 18.5-ஐ அது முழுசாகப் படிக்கும். எந்த எழுத்தில் நின்றது என்பதையும் சொல்லும். எதையுமே படிக்காமல் நின்றாலோ, சொல்லின் கடைசி வரை போகாமல் நின்றாலோ, உள்ளீடு தப்பு. கடைசியாக, நாட்கள் பூச்சியத்துக்குக் கீழேயோ 31-க்கு மேலேயோ இருக்கா என்று ஒரு பார்வை. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி.

இந்தப் பன்னிரண்டு வரியை மிச்சம் பிடிக்கிற நோட்டு எங்களுக்கு வேண்டாம். நாளைக்கு எங்களில் யாரோ ஒருவர்தான் ஏதோ ஒரு அலுவலகத்தின் சம்பளக் கணக்கை எழுதப் போகிறார். அதில் வெட்டுப்படப் போவது பசறையிலோ ஹாலி-எலயிலோ கொழுந்து எடுக்கிற ஓர் அம்மாவின் காசு.

அடுத்த முறை யாராவது அந்த நோட்டை நீட்டினால், 18.5 என்று அடிச்சுக் காட்டுங்க. அரைப்பேர் எங்கே என்று கேளுங்க.