தொலைபேசி உத்தரவும் செவிலியரின் கீழ்ப்படிதலும்

மருந்து கொடுத்ததில் தவறு நேர்ந்தால் செவிலியருக்கு மெமோ அனுப்பி விளக்கம் கேட்கும் நிர்வாகங்கள், அந்த வேளையில் வார்டில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், உத்தரவு எந்த வழியாக வந்தது, ஐயம் எழுந்திருந்தால் யாரைக் கேட்டிருக்க முடியும் என்பனவற்றைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. ஒருவருடைய செயலுக்கு அவரது குணத்தையே காரணமாகக் கொண்டு, அவரைச் சூழ்ந்திருந்த நிலைமையைக் குறைத்து மதிப்பிடும் இப்போக்கை, உளவியலாளர் லீ ராஸ் 1977இல் 'அடிப்படைக் காரணங்காணல் பிழை' என்னும் பொருளில் பெயரிட்டு விளக்கினார்.

அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்ளிங் குழுவினர் 1966இல் வெளியிட்ட ஆய்வு, செவிலியர் பணியில் இருப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. பணியில் இருந்த செவிலியரை, அவர் முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 'அஸ்ட்ரோட்டன்' என்னும் மருந்தை 20 மில்லிகிராம் அளவில் ஒரு நோயாளிக்கு உடனே கொடுக்கும்படியும், உத்தரவில் தாம் வந்ததும் கையெழுத்திடுவதாகவும் கூறினார். வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. வார்டில் பயன்படுத்த அனுமதி பெற்ற மருந்துகளின் பட்டியலிலும் அது இல்லை. ஆயினும் 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் செல்லப் புறப்பட, ஆய்வுக் குழுவினர் இடைமறித்துத் தடுத்தார்கள். உண்மையில் அது தீங்கற்ற குளுக்கோஸ்தான். இதே சூழலைச் சொல்லி, 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று வேறு 12 செவிலியரிடம் கேட்டபோது, 10 பேர் கொடுக்கமாட்டோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கும்போது விதி நினைவில் நிற்கிறது, மருத்துவரின் அவசரக் குரலோ காதில் விழுவதில்லை.

ஆய்வாளர்கள் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில் நிலைமை வேறாக இருந்தது: மருந்து எல்லோருக்கும் தெரிந்த வேலியம், உத்தரவிட்டவர் அம்மருத்துவமனையில் அறிமுகமானவர், உடன் பணிபுரிவோரைக் கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. 18 பேரில் 16 பேர் மிகையான அளவைக் கொடுக்க முன்வரவில்லை. பல கூறுகள் ஒருங்கே மாறியிருந்ததாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் செவிலியரின் தகுநிலை உயர்ந்திருந்ததாலும், எந்த ஒன்று இவ்வேறுபாட்டை விளைவித்தது என்று பிரித்துக் கூற இயலாது. ஆனால், கீழ்ப்படிதலைச் செவிலியரின் இயல்பு என்று கருதுவோர் இம்முடிவுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இரவுப் பணியில் தனித்து நிற்கும் இளம் செவிலியருக்கு, எந்நேரமும் அழைத்துக் கேட்கக்கூடிய மூத்தவர் ஒருவர் இருப்பது அறிவுரைகளைவிடப் பயன் தரும். தொலைபேசி உத்தரவைத் தவிர்க்க இயலாதபோது, அதை எழுதிக்கொண்டு மருத்துவருக்கே திரும்பப் படித்துக் காட்டி உறுதிசெய்த பின்னரே மருந்தைத் தொடுவது என்னும் நடைமுறையும் அத்தகையதே. இந்நடைமுறைக்கான பயிற்சியைச் செவிலியருக்கு மட்டும் அளிப்பது போதாது. திரும்பப் படிக்கும்போது எரிச்சலின்றிக் காத்திருக்கவும், 'அளவு மிகுதியாக இருக்கிறதே' என்ற கேள்விக்கு அமைதியாக விடையளிக்கவும் மருத்துவர்களே முதலில் பழக வேண்டும்.