ஐடிலிங் ஏத்தி விட்டா ஆச்சா?

எங்க வீட்டு மாருதி 800-க்கு என்னைவிட வயசு அதிகம். 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி, அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. (2000-க்கு அப்புறம் வந்த எம்.பி.எஃப்.ஐ வண்டிக்காரர்கள் பாதியைத் தாண்டிப் போகலாம், அது வேற ஜாதகம்.) போன மழைக்காலத்தில் ஒரு வாரம் திடீரென்று, சிக்னலில் நின்றால் நடுங்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. நின்றால் குலுங்கல், டேஷ்போர்டெல்லாம் கடகட, அப்புறம் பொசுக்கென்று ஆஃப். பெருங்களத்தூரில் கொட்டுகிற மழையில், பின்னால் ரெண்டு பஸ் ஹாரன் அடிக்க, அப்பா நாலாவது தடவை சாவியைத் திருப்பியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் இந்த ஆராய்ச்சி.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போனோம். முதல் முறை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஐடிலிங்கை ஏற்றிவிட்டார், முடிந்தது. இரண்டாவது முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கிட் மாற்றினார். மூன்றாவது முறை ப்ளக், ஒயர். பத்து நாள் நன்றாக இருக்கும், திரும்பவும் நடுக்கம். கடைசியில், "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான் தம்பி, பழைய வண்டி எல்லாம் இனி இப்படித்தான். பேசாம குடுத்துடுங்க" என்றார். அப்பா காயலாங்கடையில் விலையே விசாரித்துவிட்டார்.

என் கருத்து இதுதான்: ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகுவது வைத்தியமே இல்லை. காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. நடுக்கம் தெரியாது, காய்ச்சல் அப்படியே இருக்கும்.

ஏன் என்றால், ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜின் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிற மாதிரி கொஞ்சூண்டு காற்று, அதற்கு ஏற்ற கொஞ்சூண்டு பெட்ரோல். அந்த ஸ்ட்ராவில் குண்டூசி ஓட்டை விழுந்தால்கூட கணக்கு கெட்டுவிடும். ஆனால் ஜி.எஸ்.டி ரோட்டில் அறுபதில் போகும்போது த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கிறது, உள்ளே போகிற மொத்தக் காற்றில் அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. "ஓடும்போது சூப்பரா இருக்கு சார், நிக்கும்போதுதான்" என்று நாம் சொல்வதே பாதி நோய்க்குறி. ஸ்க்ரூவை ஏற்றினால் த்ராட்டில் கொஞ்சம் திறந்தே நிற்கும், அதனால் ஓட்டை மறைகிறது. கூடவே பெட்ரோல் வீணாகிறது, சிக்னலில் வண்டி சும்மா உறுமுகிறது.

இன்னொன்று, 796 சிசி, மூன்றே சிலிண்டர். இயல்பாகவே கொஞ்சம் ஆடும் இன்ஜின் இது. இன்ஜின் மவுண்ட் ரப்பர் செத்துப்போனால் அந்த ஆட்டம் நேராக சீட்டுக்கு வரும். இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடும், நமக்குத்தான் நடுக்கம். முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் ஆடுகிறதா, வண்டி மட்டும் ஆடுகிறதா என்று பார்க்கணும். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

அடுத்து காது. தாளம் தப்பாமல் ஒரே சீராக 'டுப்...டுப்...' என்று விழுந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். மூன்றில் ஒன்று போனால் சும்மாவா! எது என்று கண்டுபிடிக்க ப்ளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். எந்த ஒயரை எடுத்தால் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே தூங்குகிறது. தெரிந்தவர்களை வைத்து, இன்சுலேட்டட் ப்ளையர் வைத்துத்தான் செய்யணும். வெறுங்கையால் பிடுங்கிப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன் :-) ரொம்ப நேரமும் கூடாது, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்விடும்.

எங்கள் வண்டியில் தாளமே இல்லை. ஏறும், இறங்கும், தடுமாறும். இதற்கு ஒரு அருமையான சோதனை டேஷ்போர்டிலேயே இருக்கிறது, சோக்! இன்ஜின் சூடான பிறகு சோக்கைக் கொஞ்சமே கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். நடுக்கம் அதிகமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். நடுக்கம் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை, இல்லை எங்கிருந்தோ வேண்டாத காற்று வருகிறது. எங்கள் வண்டி சோக் இழுத்ததும் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னால், "அது எனக்கு ஒரு மாசமா தெரியுமே, அப்படித்தானே ஓட்டிட்டு இருக்கேன்" என்கிறார்! மைலேஜ் எங்கே போச்சு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சோக்கை இழுத்து ஓட்டுவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பெட்ரோல் வண்டியின் புகைப் பரிசோதனை ஐடிலில் நிற்கும்போதுதான் நடக்கிறது. பாரத் ஸ்டேஜ் வருவதற்கு முந்தைய கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஐடிலிங் சரியில்லாத வண்டி அங்கேயே மாட்டும்.

எத்தனால் விஷயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதை எரிக்கக் காற்று குறைவாகப் போதும். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் எத்தனாலுக்கு 9 பங்குதான். ஆக்சிஜன் சென்சார் வைத்த புது வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும், பாவம் கார்புரேட்டருக்கு மூளை இல்லை. கலவை கொஞ்சம் காய்ந்துதான் போகும். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் எத்தனால் ஆகாது. இதெல்லாம் நிஜம். ஆனால் நடுக்கம் ஒரே வாரத்தில் திடீரென்று வந்ததே, அந்த வாரமா பெட்ரோல் மாறியது? எதிர் வீட்டு 800-ம் அதே பங்கில்தானே போடுகிறது, அது ஏன் நடுங்கவில்லை? எத்தனால் இப்போது நம் ஊரில் 'வைரல் ஃபீவர்' மாதிரி ஆகிவிட்டது. எது என்று தெரியாவிட்டால் அதன் தலையில் போட்டுவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை ஐடிலில் விட்டு, இஸ்திரிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலால் கார்புரேட்டரின் அடியிலும் மேனிஃபோல்ட் இணைப்புகளிலும் லேசாக அடித்தேன் (ப்ளக், ஒயர் பக்கம் படாமல்). ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு நொடி அடைக்கும், சத்தம் மாறும். கார்புரேட்டர் அடியில் மாற்றமில்லை. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒரு வேக்யூம் ஹோஸின் முனையில் அடித்ததும் சட்டென்று சத்தம் மாறியது. விரலால் வளைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் முழுக்க வெடிப்பு. ரப்பர் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

அந்த ஹோஸை எடுத்துக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போனேன், கொஞ்சம் திமிராகத்தான். அவர் கோபப்படவில்லை. "சரிதான் தம்பி. ஆனா அரை மணி நேரம் குனிஞ்சு பார்த்து, இத்துனூண்டு ஹோஸ் மாத்தினேன்னு சொன்னா உங்கப்பா எவ்ளோ குடுப்பாரு? கிட் மாத்தினேன்னா கேள்வி கேக்காம குடுப்பாரு" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கிட்டுக்குப் பில் கேட்காத அப்பா, டயர்க் கடையில் பஞ்சர் பார்த்த பையனிடம் "சும்மா பார்த்ததுக்கு எதுக்குப்பா காசு" என்று சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். டாக்டர் மாத்திரை எழுதாமல் அனுப்பினால்கூட ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் எதையாவது கழற்றி மாற்றினால்தான் வேலை செய்தார் என்று நம்புகிறோம். அப்புறம் அவர் ஏன் யோசிக்கணும்?

புது ஹோஸ் போட்டதும் இன்ஜின் கன்னாபின்னாவென்று உறுமியது, காரணம் அவர் ஏற்றி வைத்திருந்த ஐடிலிங்! அதை அவரே இறக்கி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவையும் சரிசெய்து கொடுத்தார். "பார்த்த கூலி எவ்வளவுண்ணே?" என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே ஒரு தொகை சொன்னார், கிட் விலையில் கால்வாசிகூட இல்லை. அப்பா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். காயலாங்கடைப் பேச்சு இப்போதைக்கு இல்லை. டேப்பெட் சத்தம் மட்டும் லேசாகக் கேட்கிறது. அடுத்த ஞாயிறு ஃபீலர் கேஜ் கடன் கேட்டிருக்கிறேன்.