ஓய்வு வேறு, ஓய்ந்துவிடுவது வேறு

பள்ளிக்கு விடுமுறை உண்டு. அலுவலகத்திற்கு விடுமுறை உண்டு. உடலுக்கும் விடுமுறை விட்டால் என்ன ஆகும்? கடந்த ஜூன் மாதம் எங்கள் கால்பந்துக் குழு இதற்கு விடை கண்டது.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளியுடன் நட்புமுறை ஆட்டம் ஒன்று நடந்தது. டிசம்பரில் நாங்கள் வென்ற அதே குழுதான். முதல் பாதியில் ஆளுக்கு ஒரு கோல். இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் கூட ஆகவில்லை, எங்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பந்து போன பிறகுதான் கால் போனது. எங்கள் தோழி ஒருத்தி பந்தைத் துரத்தி ஓடியவள், தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றுக்கு நான்கு என்று தோற்றோம். தோல்வியை மறந்துவிடலாம். ஆனால் குறுவட்டப் போட்டி வந்தபோது அவள் மைதானத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

"நீங்கள் ஆடத் தெரியாமல் தோற்கவில்லை, ஓட மறந்து தோற்றீர்கள்" என்றார் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. அவர் விளக்கியது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே உடலில் இரத்தத்தின் அளவு குறையத் தொடங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் இரத்தமும் குறைகிறது. 1984இல் அமெரிக்காவில் நன்கு பயிற்சி பெற்ற சிலரைப் பயிற்சியை நிறுத்தச் செய்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் 3 வாரங்களில் 7 சதவீதமும், 8 வாரங்களில் 16 சதவீதமும் குறைந்துவிட்டதாம். தசையின் வலிமை இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். மூச்சுத்தான் முதலில் போகிறது. ஒரு முழு ஆட்டத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடவேண்டிய விளையாட்டில் மூச்சு போனால் மிச்சம் என்ன?

இது எங்களைப் போன்ற சிறுமியரின் கதை மட்டுமன்று. இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் ஆகஸ்டு முதல் மே வரை ஆடுகின்றன. இடையில் கிடைக்கும் சில வார ஓய்விலும் வீரர்கள் செய்யவேண்டிய பயிற்சியை எழுதிக் கொடுத்தே அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் பல வாரப் பயிற்சிக்குப் பிறகே போட்டி. கொரோனாவினால் 2020 மார்ச்சில் நின்றுபோன ஜெர்மனியின் போட்டிகள் மே 16இல் மீண்டும் தொடங்கின. அப்போது வீரர்களின் உடல்நலம் கருதி, ஆட்டத்தின் நடுவில் மூன்று பேருக்குப் பதில் ஐந்து பேரை மாற்றலாம் என்று விதியையே தளர்த்தினார்கள்.

இனி எங்கள் கணக்கைப் பாருங்கள். பொங்கல் முடிந்தால் திருப்புதல் தேர்வு. பந்து அலமாரிக்குள் போகிறது; உடற்பயிற்சி வகுப்பு கணக்கு வகுப்பாக மாறுகிறது. பிறகு பொதுத்தேர்வு, பிறகு கோடை விடுமுறை, பிறகு ஜூன். தொழில்முறை வீரருக்குச் சில வாரம். எங்களுக்கோ ஐந்து மாதம்! அந்த ஐந்து மாதத்திலும் எங்கள் தம்பிமார்கள் மாலையானால் தெருவில் ஓடியாடுகிறார்கள். நாங்கள் வாசலைத் தாண்டினால், "வயதுக்கு வந்த பெண்ணுக்கு வெயிலில் என்ன வேலை?" என்ற கேள்வி எழுகிறது. கால்பந்தில் முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிவது ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். அப்படியானால் கால்களை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கு அதிகம்?

ஓய்வே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சிறு காயங்கள் ஆறவும், மனம் புத்துணர்ச்சி பெறவும் ஓரிரு வாரம் முழு ஓய்வு நல்லதே. படிப்பைக் குறைக்கவும் கேட்கவில்லை. பயிற்சி நாட்களைக் குறைத்தாலும், பயிற்சியின் வேகத்தைக் குறைக்காமல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால், பெற்ற திறனில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். 2008இல் வெளியான ஓர் ஆய்வு நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுள்ள சுமார் 1,900 சிறுமியரிடம் நடத்தப்பட்டது. ஓட்டம், தாண்டுதல், ஒற்றைக்காலில் நிற்றல் முதலியவை அடங்கிய 20 நிமிடப் பயிற்சியைத் தொடர்ந்து செய்தவர்களிடம் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அந்தச் சிறுமியரும் எங்கள் வயதினரே.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்புள்ள சிஸ்டர், தேர்வு நெருங்கினாலும் வாரத்திற்கு இரண்டு உடற்பயிற்சி வகுப்புகளை எங்களுக்கு விட்டுவையுங்கள். அன்புள்ள பெற்றோரே, கோடையில் வாரத்திற்கு மூன்று நாள், வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் எங்களை ஓட விடுங்கள். வெளியே அனுப்ப மனம் வரவில்லையா? மொட்டை மாடியும் ஒரு கயிறும் போதும். மாடிப்படி இருக்கிறது; பந்து உதைக்கச் சுவர் இருக்கிறது. முழங்காலிட்டு மெல்ல முன்னே சாயும்போது கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, சும்மா இருக்கும் தம்பியும் இருக்கிறான்! தொடையின் பின்தசையைக் காக்க இதைவிட எளிய பயிற்சி இல்லை.

தோழியரே, இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் தேர்வு முடிந்திருக்கும். ஜூன் மாதம் எங்கள் சட்டைகளை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அணிவார்கள். அவர்களில் எவளும் குறுவட்டப் போட்டியன்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே எங்கள் ஆசை.

— கால்பந்துக் குழு மாணவியர் சார்பில்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு