ஸ்டூல் வாங்கக் காசில்லையா?

போன மாதம் ஒரு சட்டை எடுக்கப் போயிருந்தேன். நான்கு மாடிக் கடை. சாயங்காலம் ஆறரை மணி. எனக்குச் சட்டை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். கொஞ்ச நேரம் வலது கால், கொஞ்ச நேரம் இடது கால் என்று மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். “கொஞ்சம் உட்காரக் கூடாதாம்மா?” என்றேன். முதலில் மேலே கேமராவைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“உக்காந்தா ஃபைன் சார்.”

பில் போடும்போது முதலாளி கல்லாவில் இருந்தார். பழக்கமானவர்தான். விஷயத்தைச் சொன்னேன். “அப்படி ஒரு சட்டமே இருக்கா சார்? எனக்குத் தெரியாதே!” என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

என் கோபமெல்லாம் அந்தத் ‘தெரியாதே’ மேல்தான்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தரவேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான் சாரம். கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண்மணி, கடைப் பெண்களைத் திரட்டி முதலில் கழிப்பறை கேட்டார், பிறகு நாற்காலி கேட்டார். ‘அங்காடித் தெரு’ 2010-ல் வந்தபோது தியேட்டரில் அழுதவர்களில் கடை முதலாளிகளும் இருந்திருப்பார்கள். படம் முடிந்து போய் யாராவது நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார்களா?

இப்போது இன்னொரு சட்டத்தைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அதே கடையில் அன்று காலை ஷட்டர் திறக்கும்போதே கம்ப்யூட்டரில் புது வரி. எந்தத் துணிக்கு எத்தனை சதவிகிதம், எத்தனை ரூபாய்க்கு மேல் போனால் எவ்வளவு என்று முதலாளி தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அப்படித்தான். புலம்பிக்கொண்டே ஆறு மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டார்கள். ஆக, சட்டம் படிக்க நேரமில்லை என்பது பொய். எந்தச் சட்டம் தெரியாவிட்டால் நமக்கு நஷ்டம், எது தெரியாவிட்டால் லாபம் என்று தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

உறவினர் ஒருவர். மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடம் கணக்கு எழுதினார். 2023-ல் முட்டி வலி தாங்காமல் வேலையை விட்டார். முதலாளி பெரிய மனசு பண்ணி சால்வை போட்டு, பழத்தட்டு கொடுத்து, ஒரு கவரும் கொடுத்தார். கவருக்குள் பத்தாயிரம். இவர் கண் கலங்கி வந்து என்னிடம் காட்டினார்.

எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனால் இந்தக் கணக்கு வரும். கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 19,500. அதை 26-ஆல் வகுத்தால் 750. பதினைந்து நாளுக்கு 11,250. பதினாறு வருடத்துக்கு 1,80,000 ரூபாய். இதற்குப் பெயர் கிராஜுவிட்டி. ‘அதெல்லாம் கவர்மென்ட் ஆளுங்களுக்கு’ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். 1972-லிருந்தே இந்தச் சட்டம், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தனியார் கடைக்கும் உண்டு. ஐந்து வருடம் முடித்திருந்தால் போதும். அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வரி: தொழிலாளி மனுப் போட்டாலும் போடாவிட்டாலும், தொகையைக் கணக்குப் போட்டு அவருக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. முப்பது நாளில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டி. அதாவது ‘அவர் கேட்கலையே’ என்று சொல்ல வழியே இல்லை.

“பத்துப் பேர் இல்லை, இப்ப ஒன்பது பேர்தான்” என்று ஒரு பதில் வரும். தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை பத்தைத் தொட்டுவிட்டால், பிறகு குறைந்தாலும் இந்தக் கடமை தொடரும். பத்தாவது ஆளின் பெயரை மச்சான் கடை நோட்டில் எழுதுகிற வித்தையெல்லாம் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

உறவினர் கேட்கவே தயங்கினார். “உப்பு சாப்பிட்ட இடம்பா” என்றார். நச்சரித்து ஒரு கடிதம் எழுத வைத்தேன். முதலாளிக்கு வருத்தம் வந்துவிட்டது. “குடும்பத்துல ஒருத்தரா நெனச்சேனே, இப்படிப் பண்ணிட்டாரே” என்று ஊர் முழுக்கச் சொன்னார். இந்தக் ‘குடும்பம்’ இருக்கிறதே, அதை எந்த அலுவலகத்தில் கேட்டாலும் என் காது கூர்மையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது குடும்பம். ஓவர்டைம் கேட்காதபோது குடும்பம். சொத்து பிரிக்கும்போது மட்டும் பங்காளிப் பட்டியலில் கணக்குப்பிள்ளை பெயர் இருப்பதில்லை.

சரி, முதலாளிகள் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. சட்டங்கள் பெரும்பாலும் வக்கீல் இங்கிலீஷில் இருக்கின்றன. சிறு கடைக்காரர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஒவ்வொரு ஜன்னலாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. பல ஊரில் ஆய்வுக்கு வருகிறவர் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் கவரைப் பார்க்கிறார். 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் இன்ஸ்பெக்டருக்கு ‘வசதி செய்து தருபவர்’ என்றொரு பட்டமும் சேர்ந்திருக்கிறது. யாருக்கு என்ன வசதி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் இந்த நான்கு தொகுப்பில் முதலாளிகளுக்கு எது மனப்பாடம் என்று விசாரித்துப் பாருங்கள். முன்பு 100 பேர் இருக்கிற ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும், இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே தொகுப்புகளில் வேலைக்குச் சேர்கிறவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஒருவர் விலகினாலோ விலக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாளில் சம்பளப் பாக்கியைத் தீர்க்கச் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்கு எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்கிறது. இதையெல்லாம் கேட்டால், “எங்க கன்சல்டன்ட் பார்த்துக்குவாரு.” கன்சல்டன்ட் என்ன பார்ப்பார்? ரிட்டர்ன் போடுவார். ஸ்டூல் வாங்கிப் போட மாட்டார்.

ஒரு சின்னக் கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள் குழு பற்றிக் கேட்டேன். தலைவி யார் என்றால் முதலாளியின் மனைவி. அந்த அம்மாள் ஆயுத பூஜைக்கு மட்டும் ஆபீசுக்கு வருகிறவர். 2013-ல் வந்த சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் குழு வேண்டும். தலைவி அங்கே வேலை செய்யும் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அங்கே இருக்கிற பெண் யார் மேலாவது புகார் கொடுக்க நினைத்தால், முதலாளி வீட்டு டைனிங் டேபிளுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

‘நல்லாப் போடுங்க சார், இந்த முதலாளிகளை!’ என்று ரசிக்கிறீர்கள்தானே? ஒரு நிமிடம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க யார் வருகிறார்? அப்படியென்றால் நீங்களும் முதலாளி. நானும்தான். அதே 2013 சட்டத்தில் வீடும் பணியிடம்தான், வீட்டு வேலை செய்பவரும் அதில் வருகிறார், அவர் புகார் சொல்ல மாவட்டத்தில் ஒரு குழு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருடமாக வருகிற அம்மாவிடம் போன வாரம்தான் முதல்முறையாக, “வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். “அப்டின்னா?” என்றார். பதினோரு வருடம் எனக்கும் ‘தெரியாதே’ வசதியாகத்தான் இருந்திருக்கிறது. ஃபாரம் வாங்கி வந்தாயிற்று. போட்டோ எடுக்க ஒரு நாள் லீவு கேட்டார். சம்பளத்தோடா என்று என் வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, மனைவி முந்திக்கொண்டு ‘சம்பளத்தோடதான்’ என்றாள்.

உறவினர் கதை பாக்கி. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுப் போட்டார். முதல் நோட்டீஸ் போனதுமே நிறுவனத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. ஒரு லட்சத்துக்குச் செக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் எண்பதாயிரமும் வட்டியும் தை பிறந்ததும் தருவதாகக் கடிதம். எந்த வருடத்துத் தை என்று அதில் இல்லை. அதைக் கேட்டு இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.