தலைநகரில் ஒரு சனி, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. என் மனைவியின் தமையனார் அவ்வூர்வாசி. வயது எழுபத்து நான்கு. அவர் இல்லத்திற்கு யார் சென்றாலும், காபி தருவதற்கு முன்பே அங்குள்ள குடைவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் பாறையைக் குடைந்து, மும்மூர்த்திகளுக்காக விசித்திரசித்தன் அமைத்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப் பெயர். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. இரு ஓரங்களிலும் துவாரபாலகர் இருவர் கம்பீரமாகக் காவல் நிற்கின்றனர். உள்ளே மூன்று கருவறைகளும் வெறுமையாக உள்ளன.

"மூவரும் வெளியூர் போயிருக்கிறார்கள். காவல்காரர்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை" என்பார் மைத்துனர்.

இத்தகையவர் பல்லவரின் தலைநகராகிய காஞ்சியை அதுவரை கண்டதில்லை என்றால் நம்புவீர்களா? "பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்றே எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. என் மனைவி பிடிவாதம் பிடித்து, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் இருவரையும் புறப்படச் செய்தாள்.

பேருந்து மாறி, வந்தவாசி வழியாகக் காஞ்சியை அடைந்தபோது உச்சிப்பொழுதாகிவிட்டது. தலைநகரின் தெய்வங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் நடை சாத்திக்கொள்வர் என்பதை நாங்கள் மறந்துபோனோம். மாலை வரை என்ன செய்வது? மனைவிக்கு விடை தெரிந்திருந்தது. பட்டுச் சேலைக் கடை ஒன்று நடை சாத்தாமல் திறந்திருந்தது. அங்கே எங்களுக்குக் கிடைத்த தரிசனத்தின் நீளத்தையும், அதற்குச் செலுத்திய காணிக்கையையும் இங்கு விவரிக்க விரும்பவில்லை.

மாலையில் கைலாசநாதர் கோயில். இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பியது. மணற்கல்லில் வடித்த சிங்கங்களையும், திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக அமைந்த சிறு சன்னிதிகளையும் மைத்துனர் சிறு குழந்தைபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நின்றவூரில் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்க, காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்கோயிலின் குடமுழுக்கை இறைவன் கனவில் தோன்றித் தள்ளி வைக்கச் சொன்ன வரலாற்றை நான் நினைவூட்டினேன். அந்தக் கற்கோயில் இதுவே என்பர்.

"எங்கள் ஊர் ராஜா செங்கல் வேண்டாம், மரம் வேண்டாம் என்றான். பூசலார் கல்லும் வேண்டாம் என்றுவிட்டாரே!" என்று மைத்துனர் வியந்தார்.

இக்கோயிலில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய உட்பிரகாரம் உண்டு. தவழ்ந்து நுழைந்து, சுற்றி, மீண்டும் தவழ்ந்தே வெளிவர வேண்டும். அவ்வாறு வலம் வந்தவர்க்கு மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. பேராசையுடன் முதலில் நான் நுழைந்தேன். பாதி உடல் மறுபிறவியற்றதாகவும், மீதி உடல் இவ்வுலகத்தைச் சேர்ந்ததாகவும் சிறிது நேரம் கிடந்தேன். "மூச்சை இழுங்கள்" என்று பின்னாலிருந்து மனைவி சொன்னாள். முன்னால் சென்ற கல்லூரி மாணவன் ஒருவன் திரும்பிக் கை கொடுத்தான். வெளியே வந்தபோது முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. இனியொரு முறை பிறக்க எனக்கும் விருப்பம் இருக்கவில்லை.

ஒல்லியான மைத்துனரோ நுழைவாயில் அருகே அமர்ந்துவிட்டார். அவருக்கு அது சிரமமே இல்லை.

"வாருங்கள் மச்சான்."

"வேண்டாம் மாப்பிள்ளை. நான் ஒருமுறை பிறக்க வேண்டியிருக்கிறது."

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் கணக்குச் சொன்னார். அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குளத்திலிருந்து எழுந்தருள்கிறார். 1979இல் தாம் வரவில்லை. 2019இல் நாற்பத்தெட்டு நாள் தரிசனம் நடந்தபோது அண்ணியார் படுத்த படுக்கை. அடுத்தது 2059. "இந்த உடம்பு அதுவரை தாங்காது. ஆனால் சீக்கிரமாகப் போய்ப் பிறந்துவிட்டால், அப்போது முப்பது வயதாவது இருக்கும். வரிசையில் நிற்க நல்ல வயது."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு, "அவளும் பார்க்கவில்லை. இரண்டு பேருமாக வருவோம் என்று சொல்லியிருந்தேன்" என்றார். அண்ணியார் அந்த ஆண்டு ஆவணியில் காலமானார். என் மனைவி ஒன்றும் பேசாமல் முந்தானையால் என் முழங்கையைத் துடைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் வரதராஜப் பெருமாள் கோயில். மூலவரைச் சேவித்து, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கினோம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியைப் பங்கிட்டுக்கொண்டோம். அந்த ஒரு துண்டுக்காகவே இன்னொரு பிறவி எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முந்தைய மாலையே அந்த வாய்ப்பை இழந்துவிட்டேனே!

பின்னர் அனந்தசரஸ் திருக்குளம். அத்திவரதர் நீருக்கடியில் சயனித்திருக்கும் இடம். மைத்துனர் படியருகே நெடுநேரம் நின்றார். பச்சை நீரின் நடுவில் மண்டபம் அசையாமல் நின்றது. அவர் கைகூப்பவில்லை, உதடும் அசையவில்லை. மண்டகப்பட்டின் வெறுங்கருவறைகள் முன்பு அவர் இப்படித்தான் நிற்பார்.

நேரமாகிவிட்டது என்று நான் அழைத்தேன். வெளியே வரும் வழியில் பூ விற்கும் மூதாட்டியிடம் சென்றார். இரண்டு முழம் கேட்டு வாங்கினார்.

"ஏனம்மா, அத்திவரதர் வந்தபோது வரிசை எந்தப் பக்கம் தொடங்கிற்று?"

அந்த அம்மாள் கையை நீட்டிக் காட்டினார். அவர் அத்திசையைக் கூர்ந்து பார்த்து, நினைவில் குறித்துக்கொள்பவர்போல் தலையசைத்தார்.