வீட்டில் படிப்பு, கல்லூரியில் கிரெடிட்!

கல்லூரி வகுப்பில் உட்காராமலே பட்டத்தில் ஒரு பகுதியைச் சம்பாதிக்க முடியுமா?

அமெரிக்காவில் முடியும். அதற்கென்றே 1967-ம் ஆண்டு முதல் 'கிளெப்' என்ற பரீட்சை நடக்கிறது.

அங்கு பட்டம் பெறச் சாதாரணமாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பருவம் முழுவதும் சம்பளம் கட்டிப் படித்தால் ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். வீட்டிலேயே படித்து, சுமார் ஒன்றரை மணி நேரப் பரீட்சையில் 50 மார்க் வாங்கினால், அந்த 3 கிரெடிட்டைத் தரும் கல்லூரிகள் பல உண்டு. (மார்க் 20 முதல் 80 வரை. சைபரே கிடையாது!)

பகலில் வேலை, இரவில் பிள்ளைகள் என்று இருக்கும் தாய்க்கு இது பெரிய உதவி.

ஆனால் எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. சில, 50 போதாது என்கின்றன. விதியை முன்கூட்டியே பளிச்சென்று சொல்வது கல்லூரிகளின் கடமை. எழுதுகிறவரும் முதலில் கல்லூரியைக் கேட்டுவிட்டுப் பிறகு பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டும். தவறினால், அதே பரீட்சையை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம்.